மொகரத்துக்கு பூக்குழி இறங்கும் இந்துக்கள்: முதுவந்திடல் கிராமத்தில் என்ன நடக்கிறது?

மொகரம் வந்தாலே சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் இருக்கும் முதுவந்திடல் செய்திகளில் இடம்பிடித்துவிடும். காரணம், அங்கே விரதம் இருந்து அதிகாலையில் பூக்குழி இறங்குபவர்கள் இந்துக்கள். பெண்கள் ஈரத்துணியால் முக்காடு போட்டு உட்கார, அவர்கள் தலைமேல் தீக்கங்குகளை அள்ளிக் கொட்டுகிறார்கள்.

இதெல்லாம் யாருக்காக? பாத்திமா நாச்சியாருக்காக. நபிகள் நாயகத்தின் மகள் பெயர் பாத்திமா. அவருடைய மகன் ஹுசைன் கி.பி. 680-ல் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள்தான் மொகரம் பத்தாம் நாள். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அவர் வரலாற்றுப் பாத்திரம் அல்ல, காவல் தெய்வம். பெயரிலேயே அது தெரிகிறது. மதுரையிலிருந்து டி.கல்லுப்பட்டி வழியாகப் போனால் வரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் நாச்சியார்தான். பூக்குழி, நேர்த்திக்கடன் எல்லாமே அம்மன் கோயில் வார்த்தைகள்.

தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரிலும் இதே கதைதான். அங்கே கும்பிடுவது உள்ளங்கை உருவத்தை; பெயர் 'அல்லா சாமி'. நபிகள், பாத்திமா, அலி, ஹசன், ஹுசைன் ஐவரையும் ஐந்து விரல்களாகக் காட்டும் 'பஞ்சா' அது. இங்கேயும் திருவிழாவை எடுத்து நடத்துவது இந்துக்களே.

முஸ்லிம்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் சன்னி பிரிவினர். அவர்களுக்கு அன்று நோன்பு நாள். தீமிதிக்கு மார்க்கத்தில் இடமில்லை. பஞ்சா எடுப்பதைக் கூடாது என்று சொல்லும் ஆலிம்கள் நிறைய. ஆக, ஒரு பக்கம் முஸ்லிம்கள் விலகி நிற்கும் சடங்கை இன்னொரு பக்கம் இந்துக்கள் விடாமல் செய்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒன்றுகூடிக் கொண்டாடுகிறார்கள் என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

தேதியைக் கவனித்தாலும் இது புரியும். 2024-ல் ஜூலை 17, 2025-ல் ஜூலை 6. சந்திர நாள்காட்டிப்படி மொகரம் ஆண்டுக்கு சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஆடி, பங்குனி என்று மாதம் பார்த்து விழா எடுக்கும் ஊர்க்காரர்கள், இந்த ஒரு சாமிக்கு மட்டும் பிறை பார்த்து நாள் குறிக்கிறார்கள்.

இதே மதுரை வட்டாரத்தில்தான் திருப்பரங்குன்றமும் இருக்கிறது. மலையில் எது கோயிலுக்கு, எது தர்காவுக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1931-ல் தீர்ப்பானது. 2025-ல் அந்த மலை மறுபடியும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே பிரச்னையே வேற, நிலமும் உரிமையும். முதுவந்திடலைக் காட்டி திருப்பரங்குன்றத்துக்குத் தீர்வு சொல்லிவிட முடியாது. பூக்குழி இறங்குகிறவர் யாரிடமும் பட்டா கேட்பதில்லை. பிள்ளைக்கு நோய் தீர்ந்ததா, நேர்ந்த கடனை அடைத்தோமா என்பதுதான் அவர் கணக்கு.