சான்று திரட்டாத இனத்திற்குப் படம் எங்கிருந்து வரும்?

ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டை வட்டத்தில், யானைகள் வழங்கும் காட்டின் விளிம்பில் அமைந்த ஊர் சவளகிரி. கருநாடக எல்லை அதற்கு மிக அணித்தே உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் அப்பக்கத்து இளைஞர் பலர், பகலில் ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைத்து, இரவில் கைப்பேசித் திரையில் உலகத்துப் படங்களையெல்லாம் காண்கின்றனர். இட்லரின் கொலைக்கூடங்கள் எவ்வாறிருந்தன என்று அவர்களுள் ஒருவனைக் கேட்டால், முள்வேலியையும் புகைபோக்கியையும் கோடிட்ட உடையையும் நேரிற் கண்டவன்போல் சொல்வான். 1983 சூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்தது யாது என்று கேட்டால் விழிப்பான். 1991 திசம்பரில் இதே எல்லை வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் ஏன் மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்தன என்று கேட்டால், தந்தையைக் கேட்டுச் சொல்வதாகக் கூறுவான்.

பிழை அவ்விளைஞனுடையதன்று. யூதர் துயரை அவன் அறிந்திருப்பது நன்றே. ஏறத்தாழ 60 இலக்கம் யூதர் அழிக்கப்பட்ட கொடுமைக்கு இரங்காத நெஞ்சு, தன்னினத்தின் துயருக்கும் மெய்யாக இரங்காது. வினா வேறு. தமக்கு நேர்ந்ததை அம்மக்கள் உலகத்தின் கண்முன் எவ்வாறு நிறுத்தினர்? தமிழர் ஏன் அவ்வாறு நிறுத்தவில்லை?

பணம் அவர்களிடம் இருந்தது, ஆலிவுட்டு அவர்களிடம் இருந்தது என்று எளிதாக விடை சொல்வார் உளர். அவ்விடை அரைகுறையானது. 'சிண்டுலரின் பட்டியல்' என்னும் படத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1980-இல் அமெரிக்க நாட்டில் தோற்பைக் கடை வைத்திருந்த யூதர் ஒருவர், தம் கடைக்கு வந்த ஆசுத்திரேலிய எழுத்தாளர் தாமசு கெனீலியிடம், தம்மையும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட யூதரையும் காத்த செருமானியத் தொழில் முதலாளியைப் பற்றிச் சொன்னார். திரட்டி வைத்திருந்த தாள்களையும் எடுத்துக் காட்டினார். 1982-இல் அது நூலாயிற்று. 1993-இல் இசுபீல்பெர்க்கின் படமாயிற்று. படத்தின் வேர் பணத்தில் இல்லை. மறவாத ஒரு கடைக்காரரின் நாவில் இருந்தது. அப்படத்திற்குப் பின், 1994-இல் இசுபீல்பெர்க்கு ஓர் அறக்கட்டளை நிறுவி, உயிர் தப்பியவர்களின் வாய்மொழிகளை 50,000-க்கும் மேலாகப் படம்பிடித்துச் சேர்த்தார்.

பிரஞ்சு இயக்குநர் கிளாது இலான்சுமன் 1985-இல் வெளியிட்ட 'சோவா' ஒன்பது மணி நேரத்திற்கும் மேல் ஓடுவது. பதினோர் ஆண்டு உழைப்பு. பழைய படச்சுருள் ஒன்றையும் அதில் அவர் சேர்க்கவில்லை. பிணக்குவியல் இல்லை, நடிப்பு இல்லை. உயிர் தப்பியவரும், கண்டிருந்தவரும், கொன்றவரும் தம் வாயால் பேசுகின்றனர். புல் முளைத்த வெற்று நிலத்தைக் காட்டி, இங்குதான் நடந்தது என்று ஒரு முதியவர் சொல்லும்போது, எந்தப் போலிக் குருதியும் தராத நடுக்கத்தைக் காண்பவர் அடைகின்றனர்.

உருக்கமாகக் கதை சொல்லும் படம் பயனற்றது என்பதன்று. 1978-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ஓலோகாசுட்டு' என்னும் தொடரை, கொலைக்கூடத்தில் உயிர் தப்பிய எழுத்தாளர் எலீ வீசலே, பெருந்துயரை மலிவாக்கியது என்று கடிந்தார். ஆயினும் 1979 சனவரியில் அதே தொடரை மேற்குச் செருமனியில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர். பிள்ளைகள் தந்தையரைப் பார்த்து, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கலாயினர். அவ்வாண்டு சூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் கொலைக்குற்றத்திற்குக் கால வரம்பு இல்லையெனச் சட்டம் செய்தது. அத்தொடர் ஒன்றே அதற்குக் கரணியமன்று; எனினும் அது மூட்டிய கனல் அம்மன்றத்துள்ளும் புகுந்தது.

இனித் தமிழர் திரைக்கு வருவோம். 'தெனாலி' (2000) ஈழத்து ஏதிலி ஒருவனின் அச்சத்தை நகைப்பாக்கி விற்றது. இத்தாலிய நடிகர் பெனிஞ்ஞி 1997-இல் எடுத்த 'வாழ்க்கை அழகானது' என்னும் படத்திலும் நகைப்பு உண்டு. ஆனால் அங்கே கொலைக்கூடத்துள் தன் குழந்தையின் நெஞ்சைக் காக்கத் தந்தை பிடித்த கேடயம் அந்நகைப்பு. இங்கோ அஞ்சியவனே நகைக்கப்படும் பொருளானான். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) கலைத்திறன் மிக்கது. விருதுகள் பல பெற்றது. ஆயினும் ஈழம் அதில் சென்னைக் குடும்பம் ஒன்று சென்று மீளும் களமாயிற்று. அப்போர் எதனால் மூண்டது என்பதற்கு விடை மங்கலாகவே உள்ளது. 2015-இல் கான் திரைவிழாவின் முதற்பரிசு பெற்ற பிரஞ்சு நாட்டுப் படமான 'தீபன்', ஈழத்தமிழர் பேச்சை உலக அரங்கில் ஒலிக்கச் செய்தது. முன்னாள் போராளியான ஓர் எழுத்தாளரே தலைமை வேடம் ஏற்றார். அதிலும் ஈழம் முன்னுரையோடு நின்றுவிட, பாரிசுப் புறநகரின் போதைக்கும்பல் பின்பாதியைப் பிடித்துக்கொண்டது. 'ஆணிவேர்' (2006), 'உச்சிதனை முகர்ந்தால்' (2011) போன்று நெஞ்சார முயன்ற படங்களைத் தமிழகம் எத்துணைத் திரையரங்குகளில் வரவேற்றது? யாழ் நூலக எரிப்பைப் பற்றிச் சோமீதரன் 2008-இல் எடுத்த 'எரியும் நினைவுகள்' என்னும் ஆவணப்படத்தை எத்தனை தமிழாசிரியர் கண்டுள்ளனர்?

தில்லியின் தணிக்கை வேறு குறுக்கே நிற்கிறது. முள்ளிவாய்க்காலின் இறுதி நாள்களைக் காட்டிய கேலம் மெக்ரேயின் ஆவணப்படத்திற்கு 2014-இல் சான்றிதழ் மறுக்கப்பட்டது. இது புதிதன்று. ஆலன் இரெனே எடுத்த 'இரவும் மூடுபனியும்' என்னும் 32 மணித்துளிப் படத்தில், சிறைமுகாமைக் காவல் காத்த பிரஞ்சுக் காவலனின் தொப்பியை மறைக்கச் செய்தது பிரஞ்சுத் தணிக்கை. 1956-இல் கான் விழாப் போட்டியினின்றும் அப்படத்தை விலக்கச் செய்தது மேற்குச் செருமனியின் தூதரகம். கொன்றவனுக்குத் துணைநின்ற அரசு கொலையைக் காட்டும் படத்திற்கு அஞ்சுவது இயல்பே. எனினும் படம் நின்றது. இன்று தொப்பியை மறைத்தவரே நகைக்கப்படுகின்றனர்.

தமிழரும் மறித்தனர். 2013-இல் 'மெட்ராசு கபே' தமிழகத் திரையரங்குகளுக்கு வரவில்லை. 2014-இல் 'இனம்' எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. மறித்ததற்குக் கரணியம் உண்டு. ஆனால் மறிப்பது ஒரு கிழமை வேலை. எடுப்பது பல்லாண்டு வேலை. முதல் வேலையில் ஊக்கம் காட்டிய தமிழ் இயக்கங்கள் இரண்டாம் வேலையில் எங்கே நின்றன? பொய்ப்படத்தை மறித்த இடத்தில் மெய்ப்படம் வைக்கப்படாவிடில், இளைஞன் கண்முன் இருப்பது வெறும் இருட்டுத் திரையே.

மெய்ப்படம் என்பது தன் பக்கத்துக் குற்றத்தை மறைக்காத படம். அங்கேரி இயக்குநரின் 'சவுலின் மகன்' (2015), கொலைக்கூடத்தில் பிணமகற்றும் பணியில் யூதரே வலிந்து நிறுத்தப்பட்டதைக் காட்டிற்று. 1990-இல் விடுதலைப்புலிகளால் வடபுல முசுலிம்கள் வீடுவாசல் விட்டு வெளியேற்றப்பட்டதும் ஈழ வரலாற்றின் ஓர் ஏடே. அதைக் கிழித்தெறிந்துவிட்டுக் காட்டும் படம், மறுப்பவன் கையில் தமிழரே எடுத்துக் கொடுக்கும் கல்.

2023-இல் வெளிவந்த சோனாதன் கிளேசரின் படம் தமிழகத்தின் நெஞ்சைத் தனியே சுடவேண்டும். அவுசுவிட்சுக் கொலைக்கூடத் தலைவனின் வீடு அதில் களம். சுவருக்கு இப்பால் பூந்தோட்டம், பிள்ளைகளின் விளையாட்டு. சுவருக்கு அப்பால் நடக்கும் கொலை காட்டப்படுவதில்லை. ஓலமும் வெடியொலியும் மட்டும் கேட்கின்றன. 2009 மே 13-இல் தமிழகம் தேர்தலில் வாக்களித்தது. அதே நாள்களில் முள்ளிவாய்க்கால் எரிந்தது. அங்கே இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் கூறிற்று. அச்சுவரின் அகலம் ஒரு சிறு நீரிணை. தமிழகம் கொன்றவன் வீடன்று. ஆயினும் ஓலம் கேட்ட வீடு. அன்று இங்கிருந்தோர் என்ன செய்தனர் என்று பிள்ளைகள் கேட்கும் நாள் வந்தே தீரும்.

ஆதலின் பணி சவளகிரியிலிருந்தே தொடங்கலாம். கிருட்டிணகிரி மாவட்டத்திலேயே ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 1983-க்குப் பின் இருபது அகவையில் கடல் கடந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991-இல் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டபோது அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்கு ஓடிவந்தோரும், அவர்களுக்குச் சோறிட்டோரும் எல்லையூர்களில் இன்னும் உள்ளனர். ஈழ இனக்கொலையும் எல்லைக் கலவரமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் விழுங்கும் மறதி ஒன்றே. பெயர், ஊர், நாள், கண்டது, கேட்டது என்று பிரித்து, ஒரு சொல்லும் கூட்டாமல் அவர்கள் வாய்மொழியை அவர்கள் வழக்கிலேயே பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் பொறுமையும் போதும். அடைக்கலம் தந்த கன்னடரும் சிங்களரும் இருப்பின் அவர்தம் நன்றும் பதிவாகட்டும், சிண்டுலரும் செருமானியரே.

படம் எடுக்கும் கலைஞன் நாளையோ இருபதாண்டு கழித்தோ வருவான். அவன் வரும்போது முதியவர் இரார். அவர்கள் குரலேனும் இருக்கவேண்டும். தமிழிளைஞர் அம்முகாம்களின் வாயிலை இன்றே தட்டுக!