உடல்நலப் பக்கம்: செதில்படையும் பச்சிலையும்

சொரியாசிஸ் என்று மருத்துவர் பெயர் சொன்னவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி, "பச்சிலையால் தீராதா?" என்பதே. ஆங்கில மருந்தின் பேரில் உள்ள அச்சமும், மாதக்கணக்கில் மருந்து வாங்கும் செலவும் இக்கேள்விக்குப் பின்னால் நிற்கின்றன. ஆகவே இதனை எள்ளி நகையாடாமல் ஆராய்வதே முறை.

சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று குறிக்கும் இந்நோய் தொற்றக்கூடியதன்று. தோலின் அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதமாகும். சொரியாசிஸ் கண்டவர்க்கு உடலின் காப்பு ஆற்றல் தவறாகத் தூண்டப்படுவதால், சில நாட்களிலேயே அவை முதிராமல் மேலெழுந்து வெள்ளிச் செதில்களாகக் குவிகின்றன. ஐரோப்பிய மருத்துவரே நெடுங்காலம் இதனைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பினர். 1841-இல் வியன்னா நகரின் ஹெப்ரா இரண்டையும் பிரித்துக் காட்டினார். நம்மூரில் அக்குழப்பம் இன்னும் முழுதும் நீங்கியபாடில்லை. கோயிலில் பக்கத்திலிருப்பவர் சற்றே நகர்ந்து அமர்வதைக் கண்டு, ஞாயிறு பூசைக்கே வராமல் வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இது தொற்றாத நோய் என்பதை 2014-இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானத்திலேயே எழுதிவைக்க வேண்டியிருந்தது.

இனிப் பச்சிலைக்கு வருவோம். தாவரப் பொருளொன்று இந்நோய்க்கு மருந்தான வரலாறு நம் நாட்டுக் கோவாவின் பெயரைத் தாங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடற்கரைப் பகுதியில் படர்தாமரைக்குக் 'கோவாத் தூள்' என்ற மஞ்சள் நிறப் பொடியைப் பூசிவந்தனர். அது எம்மரத்தினது என்பது நெடுநாள் விளங்கவில்லை. பிரேசில் நாட்டு அராரோபா மரத்தண்டின் வெடிப்புகளில் சேரும் தூளே போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது என்பது 1870-களில் தெளிவாயிற்று. அதே பத்தாண்டில் லண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்கொயரிடம் வந்த ஒருவர், தம் சொரியாசிஸைப் படர்தாமரை என்றெண்ணி இத்தூளைப் பூசிக் குணம் கண்டிருந்தார் என்பர். ஸ்கொயர் அதனை மற்றவர்க்கும் கொடுத்துப் பார்த்து நூலாக எழுதினார்.

அத்தூள் பலன் தந்தது. கூடவே தோலை எரித்தது, துணியைக் கறையாக்கியது, கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்குத் தூள் கிடைக்காமற்போகவே, அதன் சாரத்தைச் சற்றே மாற்றி 1916-இல் டித்ரனால் என்ற செயற்கை மருந்தை உருவாக்கினர். ஒரு மரத்தின் வெடிப்பிலிருந்து வந்த அம்மருந்து பல தலைமுறைகளாகத் தோல்நோய்ப் பிரிவுகளில் புழங்கியது.

நம் நாட்டுக் கார்போகரிசியிலும் எகிப்தின் நைல் கரையில் வளரும் ஒரு செடியிலும் சோரலென் என்னும் பொருள் உண்டு. அதனை உட்கொண்டு புற ஊதாக் கதிர் பெறும் சிகிச்சை 1974-இல் பாஸ்டன் மருத்துவர்களால் அறிவிக்கப்பட்டது. செதில்கள் நன்றாக மறைந்தன. ஆனால் பன்முறை அச்சிகிச்சை பெற்றோரிடம் தோல் புற்றுநோய் மிகுந்ததும் பின்னர் தெரியவந்தது. இதுவும் செடி தந்ததுதான்!

தமிழகத்தில் புகழ்பெற்றது வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் மெல்ல ஊதா நிறம் பெறும். (சென்னபட்டணத்து மரப்பொம்மைகளும் இம்மரத்தில் கடைந்தவையே.) இதைத் தடவியவர் பலர் அரிப்பும் செதிலும் குறைந்தன என்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும், வெறுந் தேங்காயெண்ணெயே செதிலை இளக்கும். அப்படியானால் எண்ணெயின் பங்கு எவ்வளவு, இலையின் பங்கு எவ்வளவு?

இக்கேள்விக்கு விடை தேடும் வழியைத் தைவான் மருத்துவர்கள் காட்டினர். வெட்பாலை இலையில் அவுரியைப் போன்றே நீலச் சாயப் பொருள் உண்டு. அதே சாயம் கொண்ட சீன மருந்துப்பொடியைக் களிம்பாக்கி, 42 நோயாளிகளுக்கு உடலின் ஒரு பக்கத்தில் அதனையும், மறுபக்கத்தில் பொடி சேராத களிம்பையும் 12 வாரம் பூசச் செய்தனர். பொடி சேர்ந்த பக்கமே தெளிவாகத் தேறியது; 2008-இல் இது வெளியாயிற்று. சோற்றுக் கற்றாழைக்கோ இத்தகைய உறுதி இல்லை: 1996-இல் வந்த ஆய்வு அதனை மிகவும் புகழ்ந்தது, 2005-இல் டென்மார்க்கில் நடந்த ஆய்விலோ கற்றாழை சேராத களிம்பே சற்று மேலாக நின்றது.

பூச நல்லதாயின் உண்ணவும் நல்லதுதானே என்று சிலர் கருதலாம். அந்த நீலப்பொடியை ஜப்பானில் குடல்நோய்க்கு உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் நாளங்களில் இரத்த அழுத்தம் ஏறியது. 2016-இல் அந்நாட்டு அரசே எச்சரிக்கை விடுத்தது. பச்சை என்பதற்காகப் பயமில்லை என்று பொருளாகாது.

ஆகவே வெட்பாலைத் தைலம் பூச விரும்புவோர், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, முதலில் முழங்கையில் சிறு இடத்தில் பூசிப் பார்க்கலாம். வெடித்த, நீர் வடியும் தோலில் பூசலாகாது. பெயர் சொல்லாத 'இரகசிய மூலிகை' களிம்புகளை வாங்காதீர்கள்; இரண்டே நாளில் தோல் பளிச்சிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாமென ஐயுறுங்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, மூலிகையை நம்பி மருத்துவர் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது. அதனால் உடல் முழுதும் சிவந்து, சீழ்க் கொப்புளம் கண்டு, உயிருக்கே கேடு வரலாம். மருந்தைக் குறைப்பதானால் மருத்துவரைக் கொண்டே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: காலையில் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தால், நகங்களில் குழிகள் தோன்றினால், நோய் மூட்டைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். அங்கே எந்த எண்ணெயும் எட்டாது. சிதைந்த மூட்டு மீளாது. அந்த வாரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.