தண்ணீர்ச் சீட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாம் சென்ற ரயிலில் எதிர்ப்பலகையில் தொழில் பிரமுகர் ஒருவர் அமர்ந்திருந்தார். "ஸார், ஒரு சுரங்கமோ ஆலையோ ஆரம்பிப்பதற்குள் தண்ணீருக்கு ஒரு சீட்டு, கழிவு நீருக்கு ஒரு சீட்டு என்று வாங்கியே கிழவனாகி விடுகிறோம்!" என்று பெருமூச்செறிந்தார். மயிலம் வருவதற்குள் அவர் புகாரில் பாதி நியாயம் என்று ஒப்புக்கொண்டோம். மீதிப் பாதியைப் பற்றி விக்கிரவாண்டி வரையில் தகராறு நீண்டது.

நியாயமான பாதி இதுதான்: ஒரே விவரத்தை நாலு காரியாலயங்களில் எழுதிக் கொடுப்பதால் ஒரு மீன் குஞ்சும் பிழைக்கப் போவதில்லை.

ஆனால் 1974-ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவை அவர் படித்ததில்லை. மனுச் செய்து நான்கு மாதம் வாரியம் வாய் திறக்காவிட்டால், நிபந்தனையின்றி அனுமதி கிடைத்ததாகவே அச்சட்டம் கொள்கிறது. சர்க்கார் தூங்கினால் விழித்திருப்பவருக்கு லாபம்! இதைச் சொன்னதும் பிரமுகர் சற்றுத் திகைத்தார்.

வர்த்தகர்கள் கேட்டதில் கணிசமான பங்கு 2024-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் கிடைத்து விட்டது. கழிவு நீர்க் குற்றங்கள் பலவற்றுக்குச் சிறை போய், பதினாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் வந்தது. சிலவகைத் தொழில்களுக்கு அனுமதியிலிருந்தே விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரமும் வந்தது. மாநிலச் சட்டசபைகள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அந்தந்த மாநிலத்தில் இது செல்லும். பெரிய சுரங்கத்துக்குப் பதினைந்து லட்சம் என்ன பிரமாதம்?

இதில் வேடிக்கை, இச்சட்டம் விசாரிப்பது வெளியே விடும் நீரைத்தான். உள்ளேயிருந்து இறைக்கும் நீரின் கதை நம் பழைய தென்னாற்காட்டிலேயே இருக்கிறது. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பொங்கிய ஊற்று நீருடன் கரிய துகள்களும் வந்தன. பழுப்பு நிலக்கரி அகப்பட்டதே தண்ணீரின் தயவால்தான்! கரிப் படலத்துக்குக் கீழேயுள்ள நீர் மேல் நோக்கி அழுத்துகிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து விடும். ஆகவே இறைக்கிறார்கள். அதில் மின்சார நிலையத்துக்கும் போகிறது, பஞ்ச காலங்களில் சென்னைக்கும் போயிருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் தாமே வழிந்த ஊற்றுக் கிணறுகள் அந்தப் பக்கத்தில் நின்று போயின. கமலையும் வேண்டாமல் பாய்ந்த வயலுக்கு இன்று ஆழ்குழாயும் மோட்டாரும் வேண்டும். அந்தச் செலவு எந்தச் சுரங்கத்தின் கணக்கில் ஏறியது?

நிலத்தடி நீருக்கென்று நம் மாநிலம் 2003-ல் ஒரு சட்டம் இயற்றியது. அது அமுலுக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் தோண்ட, கதிர் வரும் பருவத்து நெல்லின் மேல் இயந்திரங்கள் ஏறின. நிலத்துக்கு முன்பே விலை கொடுத்தாயிற்று என்றார்கள். இருக்கலாம், இரண்டு மாதம் பொறுத்தால் அறுவடை ஆகியிருக்குமே என்றுதான் ஊரார் கேட்டார்கள்.

முண்டியம்பாக்கத்தில் பிரமுகரிடம் நம் யோசனையைச் சொன்னோம். ஒரே ஜன்னலில், தேதி குறித்து அனுமதி கொடுக்கட்டும், எமக்கு ஆட்சேபமில்லை. பதிலுக்கு, சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும். இறங்கினால் ஈடு யார் தருவது என்பதும் அனுமதியிலேயே இருக்கட்டும்.

பிரமுகர் பையை எடுத்துக்கொண்டே, "அதற்கு இன்னொரு சீட்டல்லவா வேண்டும்!" என்றார். விழுப்புரம் வந்துவிட்டது.