விருந்தாளிக்குக் களி போட்டால் என்ன?

போன மாதம் சென்னையிலிருந்து பழைய அலுவலக நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா காலமானது நம் பாப்பாரப்பட்டியில்தான் அல்லவா? அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு ஒகேனக்கல் போவதாகத் திட்டம். "உங்க ஊர்ச் சாப்பாடு எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் போகிற கடைகளில் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும்தான்.

அம்மா ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் தினமும் கேழ்வரகுக் களிதான். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு. வெளியூர் உறவினர் வந்தால் அம்மா களிச்சட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் அரைப்படி அரிசி கடன் வாங்குவார். களி என்றால் வறுமை என்று அன்றைக்கு நினைத்தோம். வசதி வந்ததும் நாமே அதை விட்டோம். பிறகு சர்க்கரை வியாதி வந்து டாக்டர் சொல்லித் திரும்பப் பிடித்தோம்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். உலகமே மதிக்கிற தானியத்தை வந்தவருக்குப் போட மட்டும் நமக்கு ஏன் கூச்சம்?

களி ஆறினால் இறுகிவிடும், கடைக்குச் சரிப்படாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்குள்ள பெண்கள் பொரித்துத் தரும்வரை ஜனங்கள் காத்திருக்கவில்லையா? முன்கூட்டியே சொன்னவர்களுக்கு மதியம் மட்டும் சுடச்சுடக் கிண்டிப் போடலாமே.

அன்று என் மனைவி களி கிண்டி, கீரைக் கடைசலும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தாள். நண்பரின் பேத்தி களியை மென்று பார்த்து முகம் சுளித்தது. "மெல்லக் கூடாதும்மா. கொஞ்சமாக் கிள்ளி, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்கணும்" என்று நான் செய்து காட்டினேன். அப்புறம் அரை உருண்டை காலி. நண்பர் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார்.

அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், பரோட்டா வாங்க ஆளை அனுப்பாதீர்கள். அடுப்பில் உலையை வையுங்கள்.