தூரமும் விருப்பப் பட்டியலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த பின், பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் நடக்கும் பேச்சு பாடப்பிரிவைப் பற்றியதாகவே வெளியே தெரிந்தாலும், அதன் அடியில் ஓடுவது பெரும்பாலும் தூரத்தைப் பற்றிய கேள்விதான். நாள்தோறும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரியா, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய கல்லூரியா என்பதே அது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் இந்தக் கேள்விக்கான விடை ஒரு பட்டியலின் வரிசையாக எழுதப்பட்டு விடுகிறது என்பதையும், அவ்வரிசையைப் பின்னர் மாற்ற முடியாது என்பதையும் பல குடும்பங்கள் காலம் கடந்தே உணர்கின்றன.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைத் தரவரிசைப்படுத்தி, அவ்வரிசைப்படி இடங்களை வழங்கும் முறையே கலந்தாய்வு எனப்படுகிறது. 2018-க்கு முன்பு மாணவரும் பெற்றோரும் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் சென்று, எஞ்சியுள்ள இடங்களைத் திரையில் பார்த்து அங்கேயே முடிவெடுத்தனர். அவ்வாண்டு முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியதால், கல்லூரியின் குறியீட்டையும் பாடப்பிரிவின் குறியீட்டையும் இணைத்து விருப்பப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே நிரப்ப வேண்டியிருக்கிறது. கணினி அப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, மாணவரின் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்கிவிடும். விருதுநகர் மாவட்டத்து மாணவி ஒருவர், வீட்டாரின் வற்புறுத்தலால் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலிலும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியைக் கீழேயும் வைத்தால், கோவையில் இடம் பெறுவதற்கான தரவரிசை அவருக்கு இருந்தாலும் அந்த இடம் அவரைத் தேடி வராது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருப்பவர்களுக்கும், பட்டியலில் அதற்கு மேலே உள்ளவை மட்டுமே திறந்திருக்கின்றன.

வீட்டுக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரி என்பது தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான ஊர்களுக்கு அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. அரசின் நிதியுதவியின்றிக் கட்டணத்தைக் கொண்டே இயங்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984-இல் வழி திறக்கப்பட்ட பிறகு, மாவட்டந்தோறும் நெடுஞ்சாலை ஓரங்களில் கல்லூரிகள் எழுந்தன. இன்று 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கலந்தாய்வில் இடம்பெறுகின்றன. சென்னை, கோவை, மதுரை எனச் சில நகரங்களுக்குப் போய்த் தங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் இவற்றால்தான் உருவானார்கள் என்பதை மறுப்பது நன்றியற்ற செயல். ஆயினும் இந்த அருகாமையைக் கிலோமீட்டரால் அளப்பது போதாது. ஊர் ஊராக நின்று மாணவர்களை ஏற்றிச் செல்லும் கல்லூரிப் பேருந்தில் போக ஒன்றரை மணி நேரமும் வர ஒன்றரை மணி நேரமும் செலவிடும் ‘டே ஸ்காலர்’, அதாவது வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர், ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள்கள் என்று கொண்டால் 270 மணி நேரத்தைச் சாலையில் கழிக்கிறார். எட்டுப் பருவங்களுக்கு அது 2,160 மணி நேரம். மாலையில் பேருந்து புறப்படும் நேரத்துக்கு அவருடைய ஆய்வகமும் நூலகமும் நண்பர்களுடனான விவாதமும் முடிந்துவிட வேண்டும். 1929-இல் சிதம்பரத்தில் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே அமைக்கப்பட்டதற்குக் காரணம், வகுப்பு முடிந்த பின்னும் கல்வி தொடர்கிறது என்ற புரிதல்தான்.

இந்த இழப்பைப் பெண் பிள்ளைகளே அதிகம் சுமக்கிறார்கள். ஒரே வீட்டில், குறைந்த மதிப்பெண் பெற்ற அண்ணன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்க, அவனைவிட அதிகம் பெற்ற தங்கை கண் பார்வையில் இருக்க வேண்டும் என்று பக்கத்துக் கல்லூரிக்கு அனுப்பப்படுவது அரிதான காட்சியன்று. பெற்றோரின் அச்சத்தைப் பழிப்பதில் பயனில்லை. அது அன்பிலிருந்து வருவது, சில வேளைகளில் நியாயமானதும்கூட. ஆனால் அச்சத்துக்குரிய மருந்து விசாரணையே: விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, காப்பாளர் இரவில் தங்குகிறாரா, உடல்நலம் குன்றினால் அருகில் மருத்துவமனை உண்டா என்று நேரில் சென்று கேட்டறிந்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், அந்த மறுப்புக்கு மாணவியே மதிப்பளிப்பார்.

வீட்டில் தங்குவதற்கு வலுவான காரணங்களும் உண்டு. படுக்கையில் கிடக்கும் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத வீடும், மாலையில் தந்தையின் கடையில் அமர வேண்டிய மகனும் தூரத்தைத் தவிர்ப்பது பொறுப்புணர்வு. செலவும் எளிதன்று. முதல் பட்டதாரிக்கான சலுகை கல்விக் கட்டணத்தைத்தான் குறைக்கிறது, உணவுச் செலவை அன்று. அரசுக் கல்லூரி விடுதிகளில் வழக்கமாக உள்ள ‘டிவைடிங்’ முறையில், மாதத்தின் மொத்த உணவுச் செலவு மாணவர்களிடையே பகிரப்படுவதால் தொகை மாதத்துக்கு மாதம் மாறும்; கூலி வருமானத்தில் வாழும் வீட்டுக்கு அந்த நிச்சயமின்மையே பெரிய தடை.

ஆனால் இத்தடை நீக்கப்பட்ட ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன்வழி சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. தூரத்துக் கல்லூரியை ஏழை மாணவருக்கு உண்மையான தெரிவாக மாற்றிய முடிவு இது. இவ்வொதுக்கீட்டின் மதிப்பில் பாதி இந்த விடுதிக் கட்டணத்தில்தான் இருக்கிறது. எனினும் அதை அறியாமலே விடுதியைச் செலவென்று அஞ்சி, தகுதியுள்ள பிள்ளையைப் பக்கத்துக் கல்லூரியிலேயே நிறுத்திவிடும் பெற்றோரிடம் இச்செய்தி பட்டியல் நிரப்பும் நாளுக்கு முன்பே சென்று சேர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நடத்தப்படும் கல்லூரிக் கனவு வழிகாட்டி நிகழ்ச்சிகளில், பாடப்பிரிவுகளை விளக்குவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை விடுதிகளுக்கும் ஒதுக்கி, அங்கு தங்கிப் படிக்கும் மூத்த மாணவிகளையே மேடையேற்றிப் பெற்றோரின் கேள்விகளுக்கு விடையளிக்கச் செய்வது இதற்கு ஏற்ற வழி.