தண்ணீருக்கடியில் வளர மறுக்கும் நெல்

தாவர ஹார்மோன்கள் பாடம் நடத்துவதற்காக, பறவைத் தீனியாக விற்கும் நெல்லைக் கடையில் வாங்கி வகுப்பில் முளைக்க வைத்தேன். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், தொட்டியோடு பெரிய வாளியில் மூழ்க வைத்தோம். ஒரு வாரத்தில் இலைகள் வெளிறி, மெலிந்து, மேல்நோக்கி நீண்டுவிட்டன. மேலும் சில நாள் கழித்துத் தண்ணீரை வடித்தபோது நிற்கத் தெம்பில்லாமல் அப்படியே சரிந்தன.

"உயிர் பிழைக்கத்தானே சார் அது வளர்ந்துச்சு, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

தேர்வில் வராத கேள்வி. ஆனால் இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் ஏழை விவசாயிகள் பலருடைய வாழ்க்கை இந்தக் கேள்வியோடுதான் பிணைந்திருக்கிறது.

நெற்பயிர் மூழ்கினால், அது வெளியிடும் எத்திலீன் வாயு தண்ணீரைத் தாண்டிப் போக முடியாமல் பயிருக்குள்ளேயே சேர்கிறது. அது ஜிபெரலின் ஹார்மோனைத் தூண்ட, பயிர் காற்றைத் தேடி உயர்கிறது. மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வெள்ளத்தில் இது நல்ல உத்திதான். ஆழ்நீர் நெல் வகைகள் அப்படித்தான் பிழைக்கின்றன. திடீரென வந்து பத்துப் பதினைந்து நாளில் வடிகிற வெள்ளத்திலோ, பயிர் சேமித்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் உயரத்துக்கே செலவழித்துவிட்டு, வெயில் வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது.

ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற வகை இதற்கு நேர்மாறானது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி தளிர்க்கும். நெல் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். ஆனால் பழைய முறையில் ஒட்டுச் சேர்த்தபோது, வெள்ளம் தாங்கும் குணத்தோடு குறைந்த விளைச்சல், பிடிக்காத அரிசி என வேண்டாத குணங்களும் சேர்ந்து வந்தன. விவசாயிகள் அவற்றை ஏற்கவில்லை. அதில் தவறும் இல்லை.

1996இல் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் மெக்கிலும் கெனோங் சூவும் இந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று குறித்தார்கள். 2006இல், அதே பல்கலைக்கழகத்தின் பமிலா ரொனால்டும் சேர்ந்த குழு, 'சப்1ஏ' என்ற மரபணுவை அடையாளம் கண்டது. பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம், விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் 'ஸ்வர்ணா' நெல்லில் அந்தத் துண்டை மட்டும் கொண்டுவந்து சேர்த்தது. 2009இல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. மரபணு மாற்றப் பயிரோ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இல்லை. இது நெல்லோடு நெல்லைத் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்து, எந்த நாற்றில் அந்த மரபணு இருக்கிறது என்று டிஎன்ஏ சோதனையில் பார்த்துப் பொறுக்கி எடுத்தது.

அறிவியல் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர்களும் நெல் ஆராய்ச்சிக் கழகமும் ஒடிசாவில் 128 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களைத் தேர்ந்து, அங்கே சில விவசாயிகளுக்குத் தலா 5 கிலோ விதை கொடுத்தார்கள். வயல் 10 நாள் மூழ்கியபோது, புதிய நெல் பழைய ஸ்வர்ணாவைவிட ஏறக்குறைய 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலிலும் விளைச்சல் குறையவில்லை.

அடுத்த பருவத்தில் அந்த விவசாயிகள் கூடுதல் நிலத்தில் நெல் பயிரிட்டார்கள். உரம் அதிகம் போட்டார்கள். விதையைத் தூவிவிடுவதற்குப் பதிலாகக் கூலி கொடுத்து நாற்று நட்டவர்கள் கூடினார்கள். கடன் வாங்கவும் துணிந்தார்கள். 'ஏழை விவசாயி பழமைவாதி, புதியதை ஏற்க மாட்டான்' என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்கிறோம். வெள்ளம் அடித்துப் போகக்கூடிய வயலில் யார்தான் காசைக் கொட்டுவார்கள்? ஆபத்து குறைந்தது, முதலீடு வந்தது. விரிவுரை எதுவும் தேவைப்படவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வெள்ளம் முதலில் புகும் தாழ்வான நிலங்களில் பட்டியல் சாதி மக்கள் அதிகம். மேட்டு நிலம் மற்றவர்களிடம். ஆகவே இந்த விதையால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களும் அவர்களே. நிலத்தின் ஏற்ற இறக்கத்தில் சமூகத்தின் ஏற்ற இறக்கமும் எழுதியிருப்பதை ஒரு நெல் ஆய்வு எண்களில் காட்டியது.

ஆனால் விதை அவர்களை எட்ட வேண்டுமே! ஸ்வர்ணா-சப்1 வீரிய ஒட்டு ரகமல்ல; விளைந்ததை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அதனால் தானாகவே பரவும் என்று நினைக்கத் தோன்றும். ஒடிசாவில் விதை பெரும்பாலும் சொந்தபந்தம், சொந்தச் சாதி என்ற வட்டத்துக்குள்தான் கைமாறியது. வீடு வீடாகப் போய் விற்றுப் பார்த்தபோது, அக்கம்பக்கத்துப் பரிமாற்றத்தில் பெற்றவர்களைவிட மிகப் பலர் காசு கொடுத்து வாங்கினார்கள். விருப்பம் இருந்தது, வழி இல்லை.

எனவே பல்கலைக்கழக ஆய்வு வறுமையைக் குறைத்ததா என்று அளக்க, கட்டுரைகளையும் வெளியிட்ட ரகங்களையும் எண்ணுவது போதாது என்பேன். ஆய்வு நிதியிலேயே அந்தக் கடைசிக் கிராமத்துச் செலவும் ஒரு வரியாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து வேலைக்குத்தான் மதிப்பு, விதை மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் போகிறவர் கணக்கில் இல்லை என்ற மனநிலை நம் பள்ளிகளிலேயே தொடங்குகிறது. என் மாணவர்களில் மருத்துவம் படிக்க விரும்புவோர் பலர். விவசாய அறிவியல் படிக்கிறேன் என்று இதுவரை என்னிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இந்த நெல்லும் எல்லாவற்றையும் தாங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் இதுவும் சாகும். வறட்சிக்கும் உப்பு நீருக்கும் வேறு மரபணுக்கள் வேண்டும். அவற்றுக்கான வேலையும் நடக்கிறது. அந்த மாணவிக்கு நான் விடை சொன்னபோது அவள் கேட்ட அடுத்த கேள்வி: "வளராம இருக்கிறதுக்குமா சார் ஒரு ஜீன் இருக்கு?" அன்றைக்கு மணி அடித்துவிட்டது. வாளியை அடுத்த வாரமும் வைத்திருக்கிறோம்.