கொச்சித் தமிழ்ப் பிள்ளைகளும் மீன்வளப் பட்டப் படிப்பும்

ஆண்டுதோறும் ப்ளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பள்ளுருத்தி வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ஜினீயரிங்கா? அதற்கும் வசதியில்லை என்றால் இருக்கவே இருக்கிறது பி.காம். மீன்வள அறிவியலில் நான்காண்டுப் பட்டம் ஒன்று இருக்கிறது என்பதை யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. இத்தனைக்கும் அந்தப் படிப்புக்கு வேண்டிய சகலமும் நம் கண் முன்னால் இருக்கிறது.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கி, நமது மண்டபத்தில் நெடுங்காலம் இருந்து, 1971-ல் கொச்சிக்கு வந்தது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் 1957 முதல் இங்கே இருக்கிறது. எர்ணாகுளத்துக்குப் போட்டில் போகும்போது நாம் கடந்து செல்லும் வெல்லிங்டன் தீவில்தான் அது உள்ளது. மீன்பிடிக் கப்பல் பணிகளுக்குப் பயிற்சி அளிக்கும் மத்திய நிலையம் 1963-ல் ஏற்பட்டது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் தலைமை அலுவலகமும் இந்த நகரில்தான். பனங்காட்டில் 1979-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி, 2010-ல் தனிப் பல்கலைக்கழகமாகவே உயர்ந்துவிட்டது.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஆழ்கடல் படகுகளில் பல, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்களுடையவை. சுறா வேட்டையில் அவர்களுக்கு ஈடு யாருமில்லை என்று மலையாள நண்பர்களே சொல்வார்கள். 2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கி புயலில் உயிரிழந்தவர்களில் அந்த வட்டாரத்தார் ஏராளம். கடலுக்கு உயிரைக் கொடுக்கிறவர்கள் நம்மவர்கள். கடலைப் பற்றிய படிப்பில் மட்டும் நம்மவர்களைத் தேடவேண்டியிருப்பது ஏன்?

“மீன் பிடிக்கப் பட்டம் எதற்கு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. 1997-ல் என்ன நடந்தது என்று அவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளட்டும். நம்முடைய மீன் பதனிடும் ஆலைகளில் சுகாதாரம் போதாது என்று சொல்லி ஐரோப்பிய நாடுகள் இந்திய மீன்பண்டங்களுக்குத் தடை போட்டன. ஆலைகளில் சோதனைக்கூடம், சுத்தமான ஐஸ், தரக் கட்டுப்பாடு எல்லாம் கட்டாயமானது அதன் பிறகுதான். 2019-ல் அமெரிக்கா, வலையில் கடல் ஆமைகள் சிக்குகின்றன என்று சொல்லி, நாம் கடலில் பிடிக்கும் இறாலை வாங்க மறுத்தது. ஆமை தப்பிக்க வழிவிட்டு இறாலை மட்டும் நிறுத்திக்கொள்ளும் சாதனத்தை வெல்லிங்டன் தீவு நிலையத்தார் வடிவமைத்திருக்கிறார்கள். மத்தி என்றும் சாளை என்றும் நாம் சொல்லும் ஏழைகளின் மீன், 2012-ல் கேரளக் கரையில் லட்சக்கணக்கான டன் கிடைத்தது. 2021-ல் சுமார் 3,300 டன்னுக்கு விழுந்துவிட்டது. குஞ்சு மீனைப் பிடிக்காதே என்று அளவு நிர்ணயிக்கவும், அது ஏன் என்று படகுக்காரருக்குப் புரிய வைக்கவும் படித்தவர்கள் வேண்டாமா?

2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 60,000 கோடி ரூபாய்க்கு மேல் கடல்பொருள்களை ஏற்றுமதி செய்தது. அரூர், சந்திரூர் பக்கத்து ஆலைகளில் இறால் உரிக்கும் பெண்களின் கூலியும் அந்தக் கணக்கில் அடக்கம். தொழிலின் அடித்தட்டில் உழைக்கும் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை அதே ஆலையின் தரப் பரிசோதனை அறைக்குள் நுழைய வேண்டும் என்று ஆசைப்படுவது தவறாகாது.

ஆசை மட்டும் போதாது. இந்தப் படிப்பில் நம் பிள்ளைகளுக்கு இடம் கைநழுவுவது பெரும்பாலும் பரீட்சைக் கூடத்தில் அல்ல, சான்றிதழ்க் கட்டில்தான். இதைப் பெற்றோர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் மீன்வளப் பட்டத்துக்கு நீட் தேர்வின் அடிப்படையில் இடம் தருகிறார்கள். ஆனால் நீட் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் இடம் வராது. கேரள நுழைவுத் தேர்வு ஆணையருக்கும் உரிய காலத்தில் தனியாக மனுச் செய்திருக்க வேண்டும். அந்த மனுவில் முதல் கேள்வியே, நீ கேரளீயனா, அல்லவா என்பது. பிள்ளையோ, தாய் தந்தையரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி இருந்தால் கேரளீயர் கணக்கில் சேரலாம். இல்லாதவர்களில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களும், இங்கு வேலை பார்க்கும் மத்திய சர்க்கார் ஊழியர்களின் பிள்ளைகளாக இங்கு ப்ளஸ் டூ படித்தவர்களும் வேறொரு பிரிவில் வருவார்கள். அவர்களுக்குத் தகுதி வரிசையில் இடம் உண்டு. ஜாதிவாரி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இல்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பார் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர், பிழைப்புக்காக இன்னொரு மாநிலம் போனால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990-ல் தீர்ப்பளித்தது. 2018-லும் அதையே உறுதி செய்தது.

தமிழகத்தில் முறை வேறு. அங்கு 1977-ல் தூத்துக்குடியில் முதல் மீன்வளக் கல்லூரி தோன்றியது. 2012-ல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் அமைந்தது. பொன்னேரியிலும் கல்லூரி உண்டு. நீட் கிடையாது; ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடத்தை 2021-ல் சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

ப்ளஸ் ஒன் வரும்போது பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர். அப்படிச் செய்தால் தமிழகத்து 7.5 சதவீதமும் கிடைக்காது. எட்டு முதல் பன்னிரண்டு வரை கேரளத்தில் படித்தான் என்ற தகுதியும் போகும். அக்கரைக்கும் இல்லாமல் இக்கரைக்கும் இல்லாமல் பிள்ளை நடு ஆற்றில் நிற்பான்.

ஒதுக்கீட்டுக்காகப் பத்து வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஊருக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இங்கேயே படிக்கட்டும், ஆனால் மூன்று வாசலையும் திறந்து வைத்துக்கொள்ளட்டும் என்பதே என் கருத்து. கேரள ஆணையருக்கு ஒரு மனு; பிறப்பிடச் சான்றிதழோடு தமிழகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு; அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்காக மத்திய சர்க்கார் நடத்தும் க்யூட் பொது நுழைவுத் தேர்வு ஒன்று. பிறப்புச் சான்றிதழையும் ஜாதிச் சான்றிதழையும் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். மனுவுக்குக் கடைசி நாளில் லீவு போட்டுவிட்டு ஊர்த் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் காரியம் ஆகாது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பௌதிகம், ரசாயனம், உயிரியல் உள்ள பிரிவில் சேர வேண்டும். காமர்ஸில் சேர்ந்துவிட்டால் இந்தக் கதவு மூடியதுதான். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு விளக்கக் கையேட்டை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தாமே படிப்பது உத்தமம்.

இன்னொன்று: பி.எஃப்.எஸ்ஸி. வேறு, பி.எஸ்ஸி. விலங்கியல் வேறு. முன்னது நான்காண்டுத் தொழிற்படிப்பு. மீன் வளர்ப்பு, நீர்நிலைச் சூழல், பதனிடுதல், மீன்வள நிர்வாகம், பொறியியல், பொருளாதாரம் எல்லாம் அதில் உண்டு. கடைசி ஆண்டில் பண்ணையிலும் ஆலையிலும் நேரடிப் பயிற்சி. எம்.எஃப்.எஸ்ஸி. மேற்படிப்புக்கும், அதன் வழியாக ஆராய்ச்சி உத்தியோகத்துக்கும் அதுவே நேர்வழி. பத்தாம் வகுப்போடு நிற்க வேண்டிய நிலையில் உள்ள பையன்களுக்கும், மேலே சொன்ன கப்பல் பயிற்சி நிலையத்தில் படகு ஓட்டுதல், எஞ்சின் பராமரிப்பு ஆகியவற்றில் இரண்டாண்டுப் பயிற்சி இருக்கிறது.

படித்து முடித்ததும் உத்தியோகம் வாசலில் வந்து நிற்குமா? நிற்காது. மீன்வள இலாகாக்களில் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி ஆலை இவற்றில்தான் வேலை அதிகம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. இரவு வேலையும் வெளியூர் வாசமும் உண்டு. பொதுத் துறை வங்கிகளில் விவசாய அதிகாரி வேலைக்கு இந்தப் பட்டமும் தகுதியானதே. டாக்டர் படிப்பு தவறிப்போய், வேண்டாவெறுப்பாக இதில் வந்து சேருகிறவர்களால் இந்தத் துறைக்கும் பயனில்லை, அவர்களுக்கும் பயனில்லை. கடலும் காயலும் பார்த்து வளர்ந்து, மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பிடிக்காத பிள்ளைக்குத்தான் இது ஏற்றது. அத்தகைய பிள்ளைகள் நம் தெருக்களில் நிறையவே இருக்கிறார்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விழா எடுக்கும் நம் சங்கங்கள், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்காக ஒதுக்கலாம். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, எந்தச் சான்றிதழ், எந்த ஆபீஸ், எந்த மாதம் என்று விளக்கலாம். இரு மாநில சர்க்கார்களும் ஒரு காரியம் செய்யலாம். பிழைப்புக்காக எல்லை தாண்டிய தொழிலாளியின் பிள்ளை ஏதாவது ஒரு பக்கத்தில் முழு உரிமையோடு இடம் கேட்க வழி செய்யலாம். இரண்டு பக்கமும் வரி கட்டுகிற குடும்பத்தின் பிள்ளை இப்படி அலைய வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

அது வரும்போது வரட்டும். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. சான்றிதழ்க் கட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.